ஐந்து குண்டு சாட்சி ஆகாது

1998இல் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினுக்கு வெளியே நான் சேர்ந்த துப்பாக்கி சுடும் கிளப்பில், குரோனோகிராஃப் வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். குண்டு குழலை விட்டு என்ன வேகத்தில் கிளம்புகிறது என்று அளந்து சொல்லும் கருவி அது. இன்று அதே கிளப்புக்குச் சனிக்கிழமை காலையில் போனால், பெஞ்சுக்கு ஒன்றாக உள்ளங்கையில் அடங்கும் ரேடார் பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. கையால் தோட்டா செய்பவர்கள் தங்கள் தோட்டாவின் வேகத்தைப் பற்றி அன்றைவிட இன்று மிக உறுதியாகப் பேசுகிறார்கள். ஆனால் அன்றைவிடக் குறைவாகச் சுட்டுப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பைத்தான் எழுத நினைக்கிறேன்.

அமெரிக்காவில் துப்பாக்கி என்றால் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடத்திலும் கடைத்தெருவிலும் செத்துப்போன குழந்தைகள்தான். எனக்கும் அதுதான் நினைவுக்கு வரும். அந்தத் துக்கத்தைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. நான் பழகியது நூறு கஜத்திலும் ஆயிரம் கஜத்திலும் காகிதத்தைக் குறிவைக்கும் விளையாட்டு. அதில் துப்பாக்கி பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்கும். ரேஞ்சில் கொடி ஏறினால் ஒருவரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. எச்1பி விசாவில் இருந்தவரை நான் அந்தப் பக்கமே போகவில்லை. குடியேறாதோர் விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் தடுக்கிறது. பச்சை அட்டை வந்த பிறகுதான் கிளப்பில் பெயர் கொடுத்தேன்.

குரோனோகிராஃப் வைத்திருந்த அந்தப் பெரியவர் ஓய்வுபெற்ற மெஷினிஸ்ட். கடைசல் இயந்திரத்தில் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கணக்குப் பார்த்தே வாழ்க்கையை ஓட்டியவர். வீட்டுக் கார் நிறுத்தும் கொட்டகையில், ஒரு கனமான மர மேசையில் ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் பிரஸ் ஒன்றைத் திருகி வைத்திருந்தார். எனக்குத் தோட்டா செய்யக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

ஒரு ரைஃபிள் தோட்டாவில் நான்கே பொருள்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீமூட்டும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டு முடித்ததும் கூடு மட்டும் மிஞ்சுகிறது. அதைத் துடைத்து, அச்சில் அழுத்திப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமரும் மருந்தும் குண்டும் இட்டால் மறுபடி ஒரு தோட்டா. இருபத்திரண்டு காலிபர் ரிம்ஃபயர் தோட்டாவில் இது நடக்காது. அதில் பிரைமர் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் ஒருமுறை சுட்டதோடு கதை முடிந்தது.

காசு மிச்சம் என்று சொல்லித்தான் பலர் இதைத் தொடங்குகிறார்கள். தொடர்ந்து செய்பவர்களுக்கு வேறு காரணம் உண்டு. அன்று .308 வின்செஸ்டர் சுட்டவர்களுக்குக் கடைத் தோட்டாவில் அளவுகோல் ஃபெடரல் கம்பெனியின் கோல்டு மெடல் மேட்ச். 168 கிரெயின் எடையுள்ள சியாரா மேட்ச்கிங் குண்டு என்ன வேகத்தில் கிளம்பும் என்று கம்பெனியே சொல்லிவிடும். நல்ல தோட்டா. ஆனால் அது எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவாகச் செய்தது. என் துப்பாக்கியின் அறைக்கு ஏற்ற கூடு, என் குழலின் வரிகளுக்கு ஏற்ற தூரத்தில் உட்காரும் குண்டு, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியான மருந்து: இவை வேண்டுமானால் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

பெரியவரின் மேசைக்குச் சில சட்டங்கள் இருந்தன. மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். இன்னொன்று வேண்டுமென்றால் முதல் டப்பா அலமாரிக்குப் போக வேண்டும். வேலை நடக்கும்போது ரேடியோவும் பேச்சும் கூடாது. எவர் சொன்ன மருந்து அளவையும் எடுத்துக்கொள்ளக்கூடாது. உற்பத்தியாளர் அச்சிட்ட கையேட்டில் உள்ள ஆரம்ப அளவிலிருந்துதான் மேலே போகலாம். மருந்தின் லாட், அதாவது தயாரிப்புத் தொகுதி, மாறினால் மறுபடி கீழிருந்து தொடங்க வேண்டும். பிரைமரில் ஈயச் சேர்மம் இருப்பதால் கை கழுவாமல் எதையும் சாப்பிடக்கூடாது. இந்தச் சட்டங்கள் இன்றும் அப்படியேதான் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். இந்தக் கட்டுரையிலும் எந்த மருந்துக்கும் அளவு கிடையாது.

எடை போட்டது ஆர்சிபிஎஸ் 10-10 என்ற தண்டுத் தராசில். தண்டின் நுனி ஆடி ஆடி அடங்குவதற்குக் காந்தம் வைத்திருக்கும். மருந்தை அளவுக்குச் சற்றுக் குறைவாகத் தட்டில் கொட்டிவிட்டு, திருகுக் குழாயை விரல்களால் உருட்டுவார். கரிய சிறு குச்சிகளாக மருந்து ஒவ்வொன்றாகத் தட்டில் விழும். தண்டு கோட்டுக்கு நேரே வந்து நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருப்பார். கண்ணைத் தராசின் மட்டத்துக்குக் கொண்டுவர, மேசையின் உயரத்தையே தன் உயரத்துக்கு ஏற்ப வெட்டியிருந்தார். அந்தத் தராசு கிரெயினில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. அப்படியானால் அந்தப் பத்தில் ஒரு பங்கு ஆறரை மில்லிகிராம்.

அவருடைய குரோனோகிராஃப் எங்கள் ஊர்த் தயாரிப்பு. ஆஸ்டினைச் சேர்ந்த கென் ஓலரின் நிறுவனம் செய்த 35பி. ஒரு நீளக் கம்பியில் மூன்று ஒளி உணரிகள் இருக்கும். குண்டு மேலே பறக்கும்போது விழும் நிழலை அவை பிடிக்கும். ஒரே குண்டை இரண்டு முறை அளந்து, இரண்டு விடையும் பொருந்துகிறதா என்று தானே சரிபார்த்துக்கொள்ளும். அந்த இரண்டாவது அளவுக்காகத்தான் அவர் அந்தப் பெட்டியை நம்பினார். எல்லாம் முடிந்ததும் சின்னக் காகிதச் சுருளில் உச்சம், தாழ்வு, சராசரி, எஸ்டி என்கிற திட்டவிலக்கம் எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுக்கும்.

ஆனால் அதைப் பொருத்துவது பெரும்பாடு. ரேஞ்சில் எல்லாரும் சுடுவதை நிறுத்த வேண்டும். முக்காலிகளைத் தூக்கிக்கொண்டு பெஞ்சுக்கு முன்னால் போய் நட வேண்டும். குண்டு உணரிகளின் மேல் சரியான உயரத்தில் போகும்படி, போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழல் வழியே பார்த்து நேராக்க வேண்டும். மேகம் வந்தால் ஒளி மாறும். சூரியன் சாய்ந்தால் மறுபடி மாறும். இத்தனை சிரமப்பட்டு நட்டதை ஐந்து குண்டுக்குப் பிறகு யாரும் பிடுங்க மாட்டார்கள். பெரியவர் ஒரு வகைக்கு இருபது தோட்டாவாவது செய்து கொண்டுவருவார். கருவி பாடுபடுத்தியதால் சுட்டுப் பார்த்த எண்ணிக்கை பெரியதாக இருந்தது. அன்று அதை ஒரு நற்குணமாக எவரும் நினைக்கவில்லை, இன்று நினைக்கிறேன்.

குண்டுகள் விழுந்த இடத்துக்கும் அவர் அதே கணக்கைத்தான் வைத்திருந்தார். சுட்ட இலக்குக் காகிதத்தின்மேல் படம் பிரதி எடுக்கும் மெல்லிய தாளை விரித்து, நடுப்புள்ளியைப் பொருத்தி, ஒவ்வொரு ஓட்டையையும் பென்சிலால் தாளில் குறிப்பார். அடுத்த வாரம் அதே தோட்டாவைச் சுட்டால், அதே தாளில் அதே நடுப்புள்ளியில் மறுபடி குறிப்பார். மாதக்கணக்கில் ஒரே தாள் நிரம்பும். ஓட்டைகள் நெருங்கி அழகான குழுவாக விழுந்த நாளும் மோசமான நாளும் அதில் ஒன்றாகவே கிடக்கும். “இதுதான் என் துப்பாக்கி. மற்றதெல்லாம் அன்றன்றைய வானிலை” என்று அந்தத் தாளைக் காட்டிச் சொன்னார்.

வேகம் ஒரே சீராக இருப்பது ஏன் முக்கியம் என்று கேட்கலாம். நூறு கஜத்தில் அது பெரிய விஷயமே இல்லை. .308இல் வினாடிக்குப் பத்து அடி வித்தியாசம், நூறு கஜத்தில் குண்டு விழும் இடத்தை அங்குலத்தில் நூறில் இரண்டு பங்குதான் மாற்றும். ஆயிரம் கஜத்தில் அதே பத்து அடி மூன்று நான்கு அங்குலமாகிவிடும். எஃப்-கிளாஸ் போட்டியில் ஆயிரம் கஜ இலக்கின் பத்து மதிப்பெண் வளையம் பத்து அங்குல விட்டம். அதற்குள் இருக்கும் எக்ஸ் வளையம் ஐந்து அங்குலம். அங்கே மேலும் கீழும் சிதறுவதற்கு வேகத்தின் ஏற்ற இறக்கம் ஒரு பெரிய காரணம். பக்கவாட்டில் சிதறுவதற்குக் காற்று காரணம். மணிக்கு ஒரு மைல் பக்கக் காற்றைக் கவனிக்காமல் விட்டாலே அந்தக் குண்டு பல அங்குலம் தள்ளிப் போய்விடும். தோட்டாவில் வினாடிக்கு ஓரடியைத் துரத்துகிறவர் காற்றுக் கொடியைப் படிக்கவும் அதே நேரத்தைச் செலவழிக்க வேண்டும்.

இன்றைக்கு வருகிறேன். குறை சொல்வதற்கு முன், நன்றாக மாறியதைச் சொல்வதுதான் நியாயம். ஆஸ்டினிலேயே உருவான மேக்னெட்டோஸ்பீடு குழலின் நுனியிலேயே கட்டிக்கொள்ளும் கருவியைத் தந்தது; முக்காலி போயிற்று. பிறகு லேப்ரேடார் டாப்ளர் ரேடாரைச் சாதாரண மனிதரின் பெஞ்சுக்குக் கொண்டுவந்தது. 2023இல் கார்மின் ஸீரோ சி1 ப்ரோ வந்தது. பெஞ்சில் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் போதும். வெளிச்சமும் மேகமும் அதற்கு ஒரு பொருட்டில்லை. வந்தபோது இருந்த அறுநூறு டாலர் விலைக்கு அது பெரிய வரம்தான்.

தராசும் மாறிவிட்டது. ஆய்வகத்துக்காகச் செய்த ஏ அண்டு டி எஃப்எக்ஸ்-120ஐ தராசு கிரெயினில் நூறில் இரண்டு பங்கைக் காட்டும். வார்கெட் மருந்தின் ஒற்றைக் குச்சி ஏறத்தாழ அந்த எடைதான். மருந்தும் மேம்பட்டுவிட்டது. அன்று பலர் பயன்படுத்திய ஐஎம்ஆர் 4895 இரண்டாம் உலகப் போர்க் காலத்து வாரிசு. டெக்சஸ் ஆகஸ்டு வெயிலில் அதன் வேகம் ஏறும், ஜனவரியில் இறங்கும். ஹாட்ஜ்டன் விற்கும் ஆஸ்திரேலியத் தயாரிப்பான வார்கெட்டும் எச்4350உம் வெப்பத்துக்கு அவ்வளவாக அசைந்து கொடுப்பதில்லை. அப்படியிருந்தும் சூடான அறைக்குள் தோட்டாவை ஏற்றிவிட்டுக் காற்றுக்காகக் காத்திருந்தால் வேகம் ஏறத்தான் செய்யும். ஃபின்லாந்தின் லப்புவா கூடுகள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஒன்றுபோல் இருக்கின்றன. அன்று நாங்கள் நூறு கூட்டை எடைபோட்டுப் பிரித்து எடுத்த வேலை மிச்சம். பலமுறை சுட்டு இறுகிப்போன கூட்டின் கழுத்தை இளக்க நியூசிலாந்தின் ஏஎம்பி இயந்திரம் தூண்டல் மின்னோட்டத்தால் சில வினாடிகளில் பதமாகச் சூடேற்றித் தருகிறது.

இவ்வளவு வசதிக்கு நடுவில்தான் அந்தத் தம்பியைச் சந்தித்தேன். மதுரைப் பக்கத்துப் பையன். இங்கே மென்பொருள் வேலை, புள்ளிவிவரம் படித்தவன். பெஞ்சிலிருந்து எழுந்து ஓடிவந்து செல்போனைக் காட்டினான்.

“அண்ணா, எஸ்டி நாலு வந்துருச்சு! லோடு கிடைச்சிருச்சுண்ணா.”

“எத்தனை குண்டு தம்பி?”

“அஞ்சு.”

“அதே தோட்டா இன்னும் இருக்கா?”

“இல்லண்ணா. அளவுக்கு அஞ்சுதான் போட்டேன். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்தானே?”

அந்தப் பழமொழி சோற்றுக்குச் சரி. ஒரே உலையில் ஒரே நெருப்பில் வெந்த பருக்கைகளில் ஒன்று வெந்திருந்தால் மற்றதும் வெந்திருக்கும். தோட்டாவில் நாம் கேட்கும் கேள்வியோ வேறு: ஒவ்வொன்றும் மற்றதிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது? வேறுபாட்டை அளக்க ஒன்றையோ ஐந்தையோ பார்த்தால் போதாது. அவன் படித்த பாடத்தையே அவன் பெஞ்சில் உட்கார்ந்து திரும்பப் போட்டுப் பார்த்தோம்.

ஒரு தோட்டாவின் உண்மையான எஸ்டி வினாடிக்குப் பத்து அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்தை மட்டும் சுட்டால், கருவி காட்டும் எஸ்டி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை மூன்றரைக்கும் பதினேழுக்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் வரலாம். அதாவது, மாற்றமே இல்லாத ஒரே தோட்டா இந்த வாரம் நான்கு என்றும் அடுத்த வாரம் பதினாறு என்றும் காட்டலாம். இரண்டுமே பொய்யில்லை, இரண்டுமே விடையும் இல்லை. அதே தோட்டாவில் முப்பது சுட்டால் அந்த வீச்சு ஏழரைக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் சுருங்கிவிடும். அதற்குப் பிறகுதான் இரண்டு தோட்டாக்களை ஒப்பிட்டுப் பேச முடியும். உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளியை நம்புகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: சுடச் சுட அது வளர்ந்துகொண்டே போகும். ஐந்து குண்டில் சராசரியாக எஸ்டியைப் போல இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேல்; முப்பதில் நான்கு மடங்கு. குறைவாகச் சுட்டவரின் தோட்டா அதனாலேயே நல்லதாகத் தெரியும்.

மருந்தின் அளவைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் ஓரிரு குண்டு சுட்டு, வேகம் ஏறாமல் தட்டையாக நிற்கும் இடத்தை “நோட்” என்று கொண்டாடும் பழக்கத்துக்கும் இதே பதில்தான். மருந்து ஏறினால் வேகம் ஏறும். நடுவில் தெரியும் தட்டையான படிகள் பெரும்பாலும் சில குண்டுகளின் தற்செயல். அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். படி வேறிடத்துக்கு நகர்ந்துவிடும். உண்மையான படி நகராது. அந்தத் தம்பி அடுத்த வாரம் அவனுடைய ‘நாலு’ தோட்டாவிலேயே முப்பது செய்து கொண்டுவந்தான். பதினொன்று வந்தது.

“போச்சேண்ணா” என்றான்.

“எதுவும் போகலை தம்பி. இதுதான் உன் தோட்டா. இனிமே இதை நல்லதாக்க முடியும்.”

நல்லதாக்குவது எப்படி? இங்கேயும் கணக்கு ஒரு வழி காட்டுகிறது. ஏற்ற இறக்கங்கள் நேராகக் கூடுவதில்லை. அவற்றின் வர்க்கங்கள்தான் கூடுகின்றன. .308இல் கிரெயினில் பத்தில் ஒரு பங்கு மருந்து ஏறத்தாழ ஐந்து அடி வேகத்தை மாற்றும். பழைய தராசில் கவனமாக அளந்தால் மருந்தால் வரும் எஸ்டி மூன்று அடிதான். மொத்த எஸ்டி பத்தாக இருக்கும்போது, ஆயிரம் டாலர் தராசு வாங்கி அந்த மூன்றை முழுதாகத் துடைத்தாலும் மிஞ்சுவது ஒன்பதரை. மீதி எங்கே இருக்கிறது? கூட்டின் கழுத்து ஒவ்வொரு குண்டையும் வெவ்வேறு இறுக்கத்தில் பிடிப்பதில் இருக்கிறது. பிரைமர் ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலாகவும் உட்காருவதில் இருக்கிறது. கலந்துபோன கூடுகளில் இருக்கிறது. பெரியதை முதலில் திருத்த வேண்டும். மொத்தம் ஐந்துக்கு வந்த பிறகு நல்ல தராசுக்குச் செலவழித்தால் அந்தப் பணத்துக்குப் பொருள் உண்டு.

அதனால் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் நல்ல குழல், நல்ல குண்டு; இவை இரண்டும் சரியில்லையென்றால் எத்தனை சீரான வேகமும் குழுவைச் சுருக்காது. அடுத்து ஒரே தயாரிப்பின் ஒரே லாட் கூடுகள், அவை எல்லாம் சம தடவை சுட்டவையாக இருக்க வேண்டும். பிறகு கழுத்தின் பதம்; சூடேற்றும்போது கூட்டின் அடிப்பகுதிக்கு வெப்பம் போகக்கூடாது, அது இளகினால் சுடுகிறவர் முகத்துக்கே ஆபத்து. கூட்டை அச்சில் அழுத்தும்போது அதன் தோளை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு மட்டும் பின்னால் தள்ள வேண்டும். பிரைமரைக் கையால் உணர்ந்து ஒரே மாதிரி அழுத்த வேண்டும். புதுக்குழல் என்றால் முதல் நூறு இருநூறு குண்டுவரை வேகம் தானாக ஏறும். அதற்கு முன் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். மருந்து டப்பாவைத் திறந்து வைக்க வேண்டாம். காய்ந்த மருந்து வேகமாக எரியும். இந்த வரிசையில் பெரியவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இன்றைய கருவிகள் இவற்றைச் செய்ய எளிதாக்கியிருக்கின்றன, அவ்வளவுதான்.

முப்பது குண்டு சுடச் செலவாகும் என்பது உண்மை. 2020, 2021 தட்டுப்பாட்டில், ஆயிரம் முப்பது டாலருக்குக் கிடைத்த பிரைமர் நூறு டாலரைத் தாண்டிப் போனதை மறக்க முடியாது. குழலும் தேயும். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்து மருந்து அளவுகளுக்கு ஐந்தைந்தாகச் சுட்டால் ஐம்பது குண்டு போகும், கையில் எஞ்சுவது ஊகம். ஒரே ஒரு நியாயமான அளவை எடுத்து முப்பது சுட்டால் இருபது குண்டு மிச்சம், கையில் எஞ்சுவது அறிவு. அதையும் ஒரே நாளில் சுட வேண்டியதில்லை. வாரத்துக்குப் பத்தாகச் சுட்டு ஒரே கணக்கில் சேர்க்கலாம். கருவியின் ஆப் ஒவ்வொரு நாளின் அளவையும் சேமித்து வைக்கும். மெல்லிய தாளில் பென்சிலால் செய்த வேலையை இப்போது செல்போனிலேயே செய்யலாம். செய்யத்தான் ஆள் இல்லை.

இது கைத் தோட்டாவோடு நிற்கும் விஷயமும் இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் சுடும் இருபத்திரண்டு காலிபரில் தோட்டா செய்ய வழியில்லை. ஆனால் ஒரே பெயர் கொண்ட தோட்டாவின் பல லாட்டுகளைத் தங்கள் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கும் ஐந்து குண்டில் விழுந்த அழகான குழுவை நம்பி ஒரு வருடத்துக்கான பெட்டிகளை வாங்குவது பணத்துக்குக் கேடு.

கருவி வாங்கியிருக்கிறீர்களா, நல்லது. கூட ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்குங்கள். லாட் எண்ணும் தேதியும் வெப்பநிலையும் எழுதுங்கள். மோசமான நாளின் அளவைக் கிழித்துப் போடாதீர்கள், அதுவும் உங்கள் துப்பாக்கியின் சாட்சிதான். முப்பது குண்டு சுட்ட பிறகு ஒரு தோட்டாவை நல்லது என்று சொல்லுங்கள். அதுவரை, இன்னும் தெரியவில்லை என்று சொல்வதுதான் சரியான விடை.